பிடித்த த்ரில்லருக்கு இரண்டாம் பாகம் வந்து ஏமாற்றினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சின்னக் கூட்டத்துக்குள் புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அப்புறம் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கி வந்தவர்கள். தாமஸ் ஹாரிஸ் எழுதிய ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலை எல்லோர் கையிலும் திணித்தது நான்தான். அதைப் படித்து மயங்கியவர்கள் அடுத்து ‘ஹானிபல்’ வாங்கிப் படித்துவிட்டு, ஏதோ அதையும் நானே எழுதின மாதிரி என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதைகளின் முடிவும் இதில் உடைபடும், அதனால் இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

இந்தப் புத்தகங்கள் எந்த வரிசையில் வந்தன?

‘ரெட் டிராகன்’ 1981, ‘சைலன்ஸ்’ 1988, ‘ஹானிபல்’ 1999, ‘ஹானிபல் ரைசிங்’ 2006. நான்கிலும் வருகிற ஆள் டாக்டர் ஹானிபல் லெக்டர். மனநல மருத்துவர், ஆளைக் கொன்று சமைத்துத் தின்கிறவர். இதில் கவனிக்க வேண்டியது 1988-க்கும் 1999-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. 1991-ல் ஜோனதன் டெம்மி இயக்கிய படம் வந்து, சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தப் படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் திரையில் தெரிவது மொத்தமாகச் சேர்த்தால் அரை மணி நேரம்கூட வராது, ஆனால் பார்த்தவர்கள் வெளியே வந்து பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான். பதினோரு வருஷம் கழித்து அடுத்த நாவல் வரும்போது அதன் பெயரே வில்லனின் பெயர். பாதி விஷயம் அட்டையிலேயே இருக்கிறது.

அக்கா, ‘சைலன்ஸ்’ல அப்படி என்னதான் இருக்கு? கொலைகாரன் கதை எத்தனையோ வந்திருக்கே?

கொலைகாரனுக்காக நான் அதைப் படிக்கவில்லை, க்ளாரிஸ் ஸ்டார்லிங்குக்காகப் படித்தேன். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயில் இன்னும் பயிற்சிகூட முடிக்காத பெண். அப்பா சின்ன ஊரில் ராத்திரிக் காவல் பார்த்தவர், திருடர்கள் சுட்டுச் செத்துப்போனார். அம்மா மோட்டலில் அறை சுத்தம் செய்து பிள்ளைகளை வளர்க்கப் பார்த்தார், முடியவில்லை. க்ளாரிஸை மொன்டானாவில் இருக்கும் சொந்தக்காரர் பண்ணைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அவள் ஓடிப்போக, அப்புறம் அநாதை இல்லம். அங்கிருந்து படித்து மேலே வந்தவள். சிறையில் இருக்கும் லெக்டரைப் பார்க்க அவளை அனுப்புகிறார்கள். அவர் அவளைப் பார்த்த முதல் சில நிமிஷத்திலேயே கைப்பை நல்லது, காலணி மலிவு என்று கண்டுபிடித்து அதைச் சொல்லிக் குத்துகிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு முகம் சூடானது. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிவம் ஆறு வகுப்புக்கு டவுனுக்குப் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், எதிரில் நிற்கிறவர் முதலில் பார்ப்பது நம் காலைத்தான்.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு நன்றாகத் தெரியும். குன்றுமேல் நிர்வாகி துரையின் பங்களா, கொஞ்சம் இறங்கினால் குமாஸ்தாவான கிராணி வீடு, அதற்கும் கீழே வேலை மேற்பார்க்கும் மண்டோர், கடைசியில் லயம். ரப்பர் பால் வெட்டுகிறவர் பிள்ளை கிராணி ஆபீசில் வேலைக்கு உட்கார்ந்தாலே அது பெரிய செய்தி. க்ளாரிஸ் அப்படி ஏறிக்கொண்டிருக்கும் ஆள், அதுவும் ஆண்கள் நிறைந்த இடத்தில். அவளுடைய ஊர் மேற்கு வெர்ஜீனியா மலைப்பக்கம் என்றாலும், என்னைக் கேட்டால் அவள் நம்ம ஆள்.

இதைவிட முக்கியம், வழக்கை அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பது. பஃபலோ பில் என்று பேப்பர்காரர்கள் பெயர் வைத்த ஒருவன் பெண்களைக் கடத்திக் கொன்று தோலை உரிக்கிறான். செனட்டர் ஒருவரின் மகளைப் பிடித்துக்கொண்டு போனதும் நாடே பதறுகிறது. பெரிய அதிகாரிகளும் ஆயுதப் படையும் விமானம் ஏறி சிகாகோ பக்கம் தப்பான வீட்டுக்குப் போய்க் கதவை உடைக்கிறார்கள். க்ளாரிஸ் மட்டும் தனியாக, முதலில் செத்த பெண்ணின் வீட்டுக்குப் போகிறாள். அந்தப் பெண்ணின் அப்பா புறா வளர்க்கும் ஏழை மனிதர். அவளுடைய அலமாரியில் அவள் தைத்த உடுப்பைப் பார்க்கிறாள். வேறொரு பெண்ணின் பிணத்தில் தோள்பக்கம் முக்கோண வடிவத்தில் தோல் வெட்டப்பட்டிருந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிகிறது: தையல்காரர் உடம்புக்கேற்ப மடிப்புப் பிடிக்கும் அதே வடிவம். அவன் தோலில் உடுப்பு தைக்கிறான்! இதைக் கண்டுபிடிக்க பல்கலைக்கழகப் பட்டம் உதவவில்லை, வீட்டில் தையல் தெரிந்த பெண்ணாக இருந்தது உதவியது. எங்கள் லயத்தில் யார் வீட்டிலாவது ஒரு சிங்கர் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அதில் உட்கார்ந்து தைத்த எந்த அக்காவும் அந்த அலமாரி முன்னால் நின்றிருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

ஆனால் ‘சைலன்ஸே’ ஒரு இரண்டாம் பாகம்தானே?

சரியான கேள்வி, கேட்டது படிவம் நான்கு படிக்கிற ஒரு தம்பி. ஆமாம், இரண்டாம் பாகம்தான். ‘ரெட் டிராகன்’ல் வில் கிரஹாம் என்ற புலனாய்வாளர், லெக்டரைப் பிடித்தவர், வேறொரு கொலைகாரனைத் தேடுகிறார். லெக்டர் அங்கே சிறைக்குள் உட்கார்ந்திருக்கும் சின்னப் பாத்திரம். அடுத்த நாவலில் ஹாரிஸ் கிரஹாமைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அவன் கதை முடிந்தது, முகமும் மனசும் கிழிந்து முடிந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார். புதுசாக ஒரு ஆள், புதுசாக ஒரு கேள்வி. பழையது என்று வருவது சிறைக் கம்பிக்குப் பின்னால் லெக்டரும், அவரிடம் ஆள் அனுப்பும் அதிகாரி ஜாக் கிராஃபோர்டும், இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான்.

அதனால் இரண்டாம் பாகம் என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். த்ரில்லர் ஒரே ஒரு கேள்வியின்மேல் ஓடுகிற வண்டி. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகும் அதே ஆட்களை வைத்து ஓட்டப் பார்த்தால், எழுத்தாளருக்குப் பதறவைக்க எதுவும் மிச்சம் இருக்காது, ஆட்களின் மேல் நமக்கு இருக்கும் பாசத்தை விற்கத் தொடங்குவார். க்ளாரிஸின் கேள்விக்கு ‘சைலன்ஸ்’ கடைசிப் பக்கத்தில் பதில் கிடைத்துவிட்டது. சின்ன வயதில் பண்ணையில் கேட்ட ஆட்டுக்குட்டிகளின் அலறல் இல்லாமல் அவள் அயர்ந்து தூங்குகிறாள். அதற்குமேல் அவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

‘ஹானிபல்’ கதையை முழுசாகச் சொல்லுங்கள், நான் படிக்கப் போவதில்லை.

ஏழு வருஷம் கழிந்துவிட்டது. ‘சைலன்ஸ்’லேயே சிறையிலிருந்து தப்பித்த லெக்டர் எங்கோ இருக்கிறார். க்ளாரிஸ் போதைப்பொருள் கும்பலைப் பிடிக்கும் ஒரு நடவடிக்கையில், கையில் குழந்தையோடு சுட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணைச் சுட்டுக் கொல்ல வேண்டி வருகிறது. பழி முழுக்க அவள்மேல். பத்திரிகைகள் கிழிக்கின்றன, இலாகா கைவிடுகிறது, பால் கிரெண்ட்லர் என்ற அதிகாரி பழைய பொறாமையில் அவளுடைய பதவி உயர்வை ஒவ்வொன்றாக அடைக்கிறார். இந்தப் பகுதி பிரமாதம், சத்தியமாகச் சொல்கிறேன். அவ்வளவு பெரிய வழக்கை முடித்துக் கொடுத்தவளுக்கு ஏழு வருஷமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நம்புவதற்கு நம் ஊரில் யாருக்கும் கஷ்டம் இருக்காது.

இன்னொரு பக்கம் மேசன் வெர்ஜர். இறைச்சி வியாபாரத்தில் கொழுத்த பணக்காரக் குடும்பத்து வாரிசு, லெக்டர் கையில் சிக்கி முகம் இழந்து படுக்கையில் கிடப்பவன். லெக்டரைப் பிடித்து உயிரோடு பன்றிக்குப் போடவேண்டும் என்பது திட்டம், அதற்காக சார்டினியாவில் பன்றிகளைப் பழக்குகிறார்கள். லெக்டர் இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் டாக்டர் ஃபெல் என்ற பெயரில் பழைய மாளிகை நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே பாட்ஸி என்ற போலீஸ்காரர் அடையாளம் கண்டுபிடித்து, வெகுமதிக்கு ஆசைப்பட்டு, மாட்டிக்கொள்கிறார்.

கடைசியில் லெக்டர் க்ளாரிஸைத் தூக்கிக்கொண்டு போய் மருந்தும் மனோவசியமும் கொடுத்து மாற்றுகிறார். கிரெண்ட்லரை உயிரோடு உட்காரவைத்து மூளையை எடுத்து வதக்கிச் சாப்பிடுகிறார்கள். இருவரும் சேர்ந்து, ஆமாம், அவளும்தான். அப்புறம் அவள் லெக்டரின் துணைவி. லெக்டர் அடைபட்டிருந்த ஆஸ்பத்திரியின் பழைய ஊழியர் பார்னி, புவெனஸ் அயர்ஸ் நாடக அரங்கில் இருவரையும் ஜோடியாகப் பார்த்துவிட்டு உயிர் தப்பினால் போதும் என்று ஊரைவிட்டு ஓடுகிறார். சுபம்.

அந்த முடிவுதான் பிரச்சினையா? கொடூரம் அதிகம் என்பதாலா?

கொடூரம் எனக்குப் பிரச்சினை இல்லை. தோலில் உடுப்பு தைக்கிறவன் கதையை ரசித்துவிட்டு மூளை வறுவலுக்கு முகம் சுளித்தால் அது நியாயமில்லை.

எனக்கு வயிறு எரிந்தது வேறு இடத்தில். லெக்டர் அவளை மாற்றும்போது, அவளுடைய அப்பாவின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து வந்து முன்னால் வைக்கிறார். அந்த ராத்திரிக் காவல்காரர். மகள் ஒவ்வொரு முறை தளரும்போதும் நினைத்துக்கொண்ட மனிதர். அவரை ஒரு வைத்தியக் கருவியாக மேசைமேல் பரப்பி, அவளிடமிருந்து விடுவித்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல சட்டை போட்ட, நல்ல ஒயின் தெரிந்த, ஐரோப்பியப் பிரபு வம்சத்து டாக்டர் உட்கார்ந்துகொள்கிறார். முதல் புத்தகத்தில் மலிவான காலணியோடு வந்து அவர் கண்ணை நேராகப் பார்த்தவள், இதில் நகையும் கவுனும் போட்டு அவர் பக்கத்து நாற்காலியில் முடிகிறாள். லயத்துப் பெண் கஷ்டப்பட்டு ஏறிக் கடைசியில் பங்களாவுக்குத் துரையோடு குடிபோனதுதான் முடிவு என்றால், அதற்கு அவள் ஏன் அவ்வளவு தூரம் ஓடினாள்?

இதைச் சொன்னதும் டீச்சர் ஒருவர் கேட்டார், வில்லன்மேல் காதல் வருவது பழைய கதைதானே, அதில் என்ன தப்பு என்று. காதல் வந்தால் தப்பில்லை டீச்சர். ஊசி போட்டு வந்ததைக் காதல் என்று சொல்லச் சொல்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் சிலர் அதைத் துணிச்சலான முடிவு என்கிறார்களே?

சொல்கிறார்கள். வெளிவந்த வருஷமே கருத்து இரண்டாகப் பிரிந்தது. திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் நியூயார்க் டைம்ஸில் தூக்கிவைத்து எழுதினார், இன்னொரு நாவலாசிரியர் மார்ட்டின் ஏமிஸ் கிழித்துத் தொங்கவிட்டார். துணிச்சல் கட்சியின் வாதம் எனக்குப் புரிகிறது: இலாகா அவளை உறிஞ்சிவிட்டுத் துப்பியது, அப்படிப்பட்ட இடத்துக்கு அவள் ஏன் விசுவாசமாக இருக்கணும், அவளை உண்மையாக மதித்த ஒரே ஆள் லெக்டர்தான், அதனால் அவள் வெளியேறியது விடுதலை.

வேலையை உதறிவிட்டு வந்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். வருஷக்கணக்கில் ஓவர்டைம் பார்த்தும் சூப்பர்வைசர் கண்ணில் படாதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு, அவர்களில் சிலர் ராஜினாமா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்த நாளை இன்னும் கொண்டாடுகிறார்கள். ஆனால் முடிவு அவர்கள் எடுத்தது. ஹாரிஸ் இங்கே இரண்டு பக்கமும் காலை வைக்கிறார். அவள் சுயமாகத்தான் இருக்கிறாள் என்பதுபோல் ஒரு வரி, மருந்தின் பிடியில் என்பதுபோல் இன்னொரு வரி. முதல் நாவலில் ஒரு தையல் மடிப்பைக்கூட மழுப்பாமல் சொன்னவர், கதையின் மிகப் பெரிய முடிவை மழுப்புகிறார். துணிச்சல் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படத்திலும் இதே முடிவா?

இல்லை. 2001-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த படத்தில் மாற்றிவிட்டார்கள். க்ளாரிஸ் கடைசிவரை போலீஸ்காரிதான், விலங்கால் தன் கையை லெக்டர் கையோடு சேர்த்துப் பூட்டுகிறாள், அவர் அவள் கையை வெட்டாமல் தன் கையை வெட்டிக்கொண்டு தப்பிக்கிறார். ஜோடி ஃபாஸ்டர் திரும்ப நடிக்கவில்லை, ஜூலியான் மூர் வந்தார். டெம்மியும் இயக்க வரவில்லை. முடிவைப் பொறுத்தவரை எனக்குப் படம் மேல்.

லெக்டரின் சின்ன வயதுக் கதை ‘ஹானிபல்’ நாவலில் வருகிறதாமே, அது நல்லதுதானே?

போர்க்காலத்தில் பசியில் இருந்த சிப்பாய்கள் அவருடைய தங்கை மீஷாவைக் கொன்று தின்றார்கள், அதனால் இவர் இப்படி ஆனார் என்று ஒரு காரணம் வருகிறது. சோகமான கதை, மறுக்கவில்லை. ஆனால் ‘சைலன்ஸ்’ல் க்ளாரிஸ் உனக்கு என்ன ஆனது என்று கேட்கும் இடத்தில், எனக்கு எதுவும் நேரவில்லை, நானே நேர்ந்தேன் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்வார் பாருங்கள், அந்த ஒரு வரியில் இருந்த பயம் இந்தக் காரணத்தைக் கேட்டதும் போய்விட்டது. காரணம் தெரிந்த பேயைப் பார்த்துப் பரிதாபப்படலாம், பயப்பட முடியாது.

‘ஹானிபல்’ படித்தால் ‘சைலன்ஸ்’ கெட்டுப்போகுமா? மனசு கேட்கவில்லை அக்கா.

கொஞ்சம் கெடும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. முதல் பாகம் அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. புத்தகம் அப்படியே இருக்கும், படிக்கிற தலை மாறியிருக்கும். வழக்குக் கோப்பைக் கம்பி வழியே கொடுக்கும்போது லெக்டர் விரல் க்ளாரிஸ் விரலில் படும் ஒரு இடம் இருக்கிறது. முதலில் படித்தபோது அது முதுகு சில்லிட்ட இடம், இப்போது படித்தால் காதல் காட்சிக்கு முன்னோட்டம் மாதிரித் தெரிகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் செய்தது இது: மறுவாசிப்பில் சிறைக் காட்சிகளை வேகமாகத் தாண்டி, மேற்கு வெர்ஜீனியாவில் பிணத்தைப் பரிசோதிக்கும் காட்சிக்குப் போய்விடுவேன். அறை நிறைய உள்ளூர்ப் போலீஸ் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். க்ளாரிஸ் அவர்களை வெளியே அனுப்பவேண்டும், ஆனால் அவள் வெறும் பயிற்சிப் பெண். தான் மறைக்கப் பாடுபட்ட தன் மலைப்பக்கத்துப் பேச்சிலேயே பேசுகிறாள், செத்தவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்தும் ஊர்ப் பெண்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படி. ஆண்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். லெக்டர் பக்கத்திலேயே இல்லாத இந்தக் காட்சியை எந்த இரண்டாம் பாகமும் தொட முடியாது.

‘ஹானிபல்’ நாவலைப் பாதியில் நிறுத்தினால் தப்பா?

இல்லை. ஃப்ளோரன்ஸ் பகுதி முடிந்ததும் நிறுத்துங்கள். அந்தப் பகுதியை மட்டும் விடாதீர்கள்: 1478-ல் ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தைக் கொல்ல நடந்த பாட்ஸி சதியில் பிரான்செஸ்கோ பாட்ஸியை வெக்கியோ மாளிகை ஜன்னலில் தூக்கில் தொங்கவிட்டார்கள், அது நிஜ வரலாறு. அதே வம்சத்தில் வந்த போலீஸ்காரரை ஹாரிஸ் அதே மாளிகைக்கு அழைத்துக்கொண்டு போவது தனியாக ஒரு அருமையான குறுநாவல்.

தமிழ் த்ரில்லரில் இந்த ஏமாற்றம் ஏன் அவ்வளவாக இல்லை?

நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பாகம் எழுதவில்லை, ஆளை வைத்துக்கொண்டு வழக்கை மாற்றினார்கள். ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி, சுஜாதாவுக்கு கணேஷ்-வசந்த். அந்தக் காலத்தில் டவுன் கடை வாசலில் கயிற்றில் தொங்கும் மாத நாவலை எடுத்தால், போன மாதம் என்ன நடந்தது என்று தெரியவேண்டிய அவசியமே இருக்காது. விவேக்கின் மனசில் ஆறாத காயம் எதுவும் கிடையாது, அதனால் அதைக் கிளறிக் கெடுக்கவும் முடியாது. ஆழம் குறைவு என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன், ஆனால் மாதாமாதம் ஏமாறாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நேரடித் தொடர்ச்சி என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் ‘மீண்டும் ஜீனோ’வும். அது ஓடியதற்கு என் கணக்கு: முதல் பாகம் ஒரு பொய்யை உடைத்தது, ஆனால் ஆட்சி தப்பான கைக்குப் போவதில் முடிந்தது. கேள்வி மிச்சம் இருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, அப்புறம் என்ன ஆச்சு என்று வாசகர்கள் விடாமல் கேட்க, கல்கி முடிவுரையில் பாத்திரங்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொண்டார். பின்னாளில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நாம் இன்றும் சாப்பாட்டுக் கடையில் சண்டை போடுகிறோம் என்றால், கல்கி அதை இழுத்து மூடாமல் விட்ட புண்ணியம்.

‘ஹானிபல்’ நாவலைவிட மோசமான இரண்டாம் பாகம் உண்டா?

உண்டு. ஐரா லெவின் 1967-ல் எழுதிய ‘ரோஸ்மேரிஸ் பேபி’ அவ்வளவு இறுக்கமான நாவல், முப்பது வருஷம் கழித்து 1997-ல் ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’ எழுதி, கடைசியில் எல்லாம் கனவு என்று முடித்தார். கனவு! பள்ளிக்கூடக் கட்டுரையில் அப்படி எழுதினால் எங்கள் வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார்.

மைக்கேல் கிரைட்டன் வேறு ரகம். ‘ஜுராசிக் பார்க்’ நாவலில் (1990) இயன் மால்கமைக் கடைசியில் செத்தவராகவே கணக்குக் காட்டியிருந்தார். படத்தில் அந்தப் பாத்திரம் பிழைத்து, எல்லோருக்கும் பிடித்தும் போனது. 1995-ல் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ வந்தபோது அவர் உயிரோடு நொண்டிக்கொண்டு வருகிறார், சாவுச் செய்தி அவசரத்தில் வந்துவிட்டதாம். இந்த வேலைக்கு வழி போட்டது கானன் டாயில். 1893-ல் அருவியில் தள்ளிவிட்ட ஷெர்லாக் ஹோம்ஸை 1903-ல் உயிரோடு கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்பதால் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது.

எழுத்தாளர் நம் விருப்பப்படி எழுதணும் என்று எதிர்பார்ப்பது சரியா?

சரியில்லை. ஸ்டீபன் கிங் 1987-ல் இதை வைத்தே ‘மிசரி’ எழுதிவிட்டார்: பிடித்த பாத்திரத்தைச் சாகடித்த எழுத்தாளரை வாசகி வீட்டில் அடைத்துவைத்து, உயிர்ப்பித்து எழுது என்று கோடரியைத் தூக்குவாள். அவ்வளவு தூரம் போகாமல், நன்றாக இல்லை என்று சொல்வதோடு நின்றுகொள்வோம்.

தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளியில் படித்தவன் நான். இந்த ஆங்கிலம் எனக்கு எட்டுமா?

‘சைலன்ஸ்’ எட்டும். சின்னச் சின்ன அத்தியாயம், பாதிக்குமேல் பேச்சு, என்ன நடக்கிறது என்பது எப்போதும் தெளிவு. பூச்சி ஆராய்ச்சி வரும் இடங்களில் சில சொற்கள் புரியாமல் போனால் விட்டுவிட்டு நகருங்கள், கதை நிற்காது. ‘ஹானிபல்’தான் பழைய கவிஞர் டான்டே, இத்தாலிய ஓவியம், சமையல், வாசனைத் திரவியம் என்று கடை பரப்பும். விலையைப் பார்த்துப் பயப்படவேண்டாம், பழைய பதிப்புகள் ஈப்போ பழைய புத்தகக் கடைகளிலும் ஷோப்பி இணையக் கடையிலும் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கின்றன.

நான் நம்ம ஊரை வைத்து த்ரில்லர் எழுதப் பார்க்கிறேன். ஏதாவது சொல்லுங்கள்.

எழுதுங்கள் தம்பி. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம், அது 1960 வரை நீண்டது. துரைமார் பக்கத்திலிருந்து அந்தக் காலையை நிறையப் பேர் எழுதியாயிற்று. ஆபீசுக்கு வெளியே நின்ற ஒரு தமிழ் ஆளின் கண்ணிலிருந்து எழுதிப் பாருங்கள்: சுட்டவர்கள் கிளம்பிப் போனபிறகு, போலீஸ் வந்து சேருவதற்குள், நீ என்ன பார்த்தாய் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் முடிவு செய்யவேண்டும். அந்த நேரம் போதும் ஒரு நாவலுக்கு. மூன்று பாகமாக எழுதப்போகிறேன் என்று மட்டும் என்னிடம் வராதீர்கள்.

‘ஹானிபல் ரைசிங்’?

வேண்டாம். நீங்கள் எழுதாவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வேன் என்கிற மாதிரி ஹாரிஸிடம் பேசியதாகத் தயாரிப்பாளர் டினோ டி லாரென்டிஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். படித்தால் அது தெரிகிறது. ‘ரெட் டிராகன்’ எடுங்கள், அதை ஒன்றும் கெடுக்கவில்லை.